காய்ச்சலுக்குப் பெயர் தெரியாத நாட்கள்: உயிரியல் ஆயுதங்களும் யாழ்ப்பாணத்தின் பாதுகாப்பும்

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையின் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நாட்களில், வடமராட்சிப் பகுதியிலிருந்து காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். டிசம்பர் நடுப்பகுதிக்குள் இறந்தோர் தொகை ஏழாக உயர்ந்தது. மாதிரிகள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாகும் வரை, செய்திகளில் அந்த நோய்க்கு ‘மர்மக் காய்ச்சல்’ என்பதே பெயராக இருந்தது. நோய் இன்னதென்று தெரிந்த பின்னர் செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது: வயலிலும் வெள்ளத்திலும் இறங்குவோருக்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் வழங்கப்பட்டது, காய்ச்சல் கண்டவர்கள் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வருமாறு கேட்கப்பட்டனர்.

அந்த நோய்ப் பரவலுக்கும் ஆயுதம் எதற்கும் தொடர்பில்லை. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளமும் காலிலிருந்த சிறு காயங்களும் அதற்குப் போதுமாயிருந்தன. ஆயினும் நோய்க்கிருமியை ஒருவர் வேண்டுமென்றே மக்களிடையே பரப்பினால் முதற் சில நாட்கள் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார்ப்பவர்களுக்கு, அந்த டிசம்பர் நாட்களே மிக நெருங்கிய எடுத்துக்காட்டு. குண்டு வெடித்தால் சத்தம் கேட்கும், இடம் தெரியும், நேரம் தெரியும். கிருமித் தாக்குதலில் இவற்றில் ஒன்றும் இருக்காது. சில நாட்களோ சில வாரங்களோ கழித்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு வைத்தியசாலைகளுக்கு, சாதாரணக் காய்ச்சல்காரரைப் போலவே நோயாளர்கள் வந்து சேர்வார்கள். தாக்குதல் நடந்ததை முதலில் அறியப்போகிறவர் படைவீரரோ புலனாய்வாளரோ அல்லர். இரவுக் கடமையிலிருக்கும் ஒரு வைத்தியர், அல்லது நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருக்கும் ஓர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். இக்கட்டுரை சொல்ல முற்படுவது இதைத்தான்: உயிரியல் ஆயுதத்திலிருந்து யாழ்ப்பாணம் போன்ற ஓர் இடத்தைக் காப்பதற்குத் தனியான மந்திரம் எதுவும் இல்லை, எலிக்காய்ச்சலையும் டெங்கையும் நெருப்புக்காய்ச்சலையும் நேரத்தோடு கண்டுபிடிக்கும் அதே பொதுச் சுகாதார அமைப்பே அந்தக் காவலையும் செய்யவேண்டியிருக்கிறது.

நோயை ஆயுதமாக்கும் எண்ணம் கிருமியியலைவிட மிகப் பழையது. 1346ஆம் ஆண்டில் கருங்கடலோரத்திலிருந்த காஃபா நகரை முற்றுகையிட்ட மொங்கோலியப் படை, பிளேக் நோயால் இறந்த தன் வீரர்களின் சடலங்களை மதிலுக்கு உள்ளே எறிந்ததாக அக்காலத்து இத்தாலியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1763இல் வட அமெரிக்காவின் பிற் கோட்டையில் இருந்த பிரித்தானியர், பெரியம்மை நோயாளர் பயன்படுத்திய போர்வைகளைப் பழங்குடித் தூதர்களுக்குக் கொடுத்தனர். முதலாம் உலக யுத்தத்தில் ஜெர்மானிய முகவர்கள் எதிரி நாடுகளின் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நோயேற்ற முயன்றனர். 1925இல் ஜெனீவாவில் எழுதப்பட்ட நெறிமுறை, நச்சு வாயுவோடு கிருமி ஆயுதங்களையும் யுத்தத்தில் பயன்படுத்தக்கூடாது என்று தடுத்தது; ஆனால் உற்பத்தி செய்வதையும் களஞ்சியப்படுத்துவதையும் அது தடுக்கவில்லை.

அந்த இடைவெளிக்குள்தான் இருபதாம் நூற்றாண்டின் மிகக் கொடிய அத்தியாயம் எழுதப்பட்டது. ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவு, ஷிரோ இஷி என்ற மருத்துவரின் தலைமையில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அருகே கைதிகள்மேல் நோய்களைச் செலுத்திப் பரிசோதித்தது. 1940இல் நிங்போ நகரிலும் 1941இல் சாங்தே நகரிலும் பிளேக் தொற்றிய தெள்ளுப்பூச்சிகள் வானிலிருந்து போடப்பட்டன. யுத்தம் முடிந்ததும் இஷியும் அவருடைய முக்கிய சகாக்களும் அமெரிக்காவுக்குத் தங்கள் ஆய்வுத் தரவுகளைக் கொடுத்து, வழக்கிலிருந்து தப்பித்துக்கொண்டனர். மருத்துவம் படித்தவர்களே இதைச் செய்தார்கள் என்பதையும், தண்டிக்கவேண்டியவர்கள் அவர்களுடைய தரவுக்கு விலை பேசினார்கள் என்பதையும் மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

1969 நவம்பர் 25 அன்று அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தமது நாட்டின் உயிரியல் ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 1972 ஏப்ரல் 10 அன்று உயிரியல் ஆயுத உடன்படிக்கை கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டு, 1975 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு வகை ஆயுதத்தை முழுவதுமாக, அதாவது உருவாக்குவது முதல் வைத்திருப்பது வரை, தடைசெய்த முதல் உலக உடன்படிக்கை அதுதான். இலங்கை 1986இல் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் உடன்படிக்கைக்கு உறுப்பு நாடுகளைச் சோதித்துப் பார்க்கும் பொறிமுறை எதுவும் இல்லை. இரசாயன ஆயுத உடன்படிக்கையைக் கண்காணிக்க ஹேக் நகரில் ஏறத்தாழ ஐந்நூறு ஊழியர்களும் சோதனையாளர்களும் கொண்ட ஒரு நிறுவனம் இயங்கும்போது, உயிரியல் ஆயுத உடன்படிக்கைக்கு ஜெனீவாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைக் கொண்ட ஓர் அலகு மட்டுமே இருக்கிறது. சோதனைப் பொறிமுறைக்காகப் பல ஆண்டுகள் நடந்த பேச்சுவார்த்தை 2001இல் முறிந்தது.

சோதனை இல்லாத உடன்படிக்கையால் என்ன நடக்கும் என்பதைச் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லொவ்ஸ்க் காட்டியது. உடன்படிக்கையில் கையொப்பமிட்ட அதே சோவியத் ஒன்றியம் இரகசியமாக உலகின் மிகப்பெரிய உயிரியல் ஆயுதத் திட்டத்தை நடத்திவந்தது. 1979 ஏப்ரல் 2 அன்று அந்நகரின் இராணுவ ஆய்வுகூடத்திலிருந்து, கால்நடைகளையும் மனிதரையும் கொல்லக்கூடிய அந்திராக்ஸ் கிருமி காற்றில் கசிந்தது. அடுத்த வாரங்களில் குறைந்தது 66 பேர் இறந்தனர். கெட்டுப்போன இறைச்சியே காரணம் என்று அரசாங்கம் அறிவித்தது. வைத்தியசாலைப் பதிவேடுகளை உளவுத்துறை எடுத்துச் சென்றது. ஆனால் பிரேத பரிசோதனை செய்த நோயியல் வைத்தியர்களான ஃபைனா அப்ரமோவாவும் லெவ் கிரின்பெர்க்கும் தங்களிடமிருந்த இழைய மாதிரிகளையும் குறிப்புகளையும் பல ஆண்டுகள் மறைத்துப் பாதுகாத்தார்கள். நோய் உணவினால் அல்ல, சுவாசத்தினால் உட்சென்றது என்பதற்கு அந்த மாதிரிகளே சான்றாயின. 1992இல் ஜனாதிபதி யெல்ற்சின் இராணுவத்தின் பொறுப்பை ஒப்புக்கொண்ட பின்னர், மத்தியூ மெசெல்சன் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கு சென்று, இறந்தவர்கள் அன்றைய பகலில் எங்கெங்கே இருந்தார்கள் என்று குடும்பங்களிடம் கேட்டு வரைபடத்தில் குறித்தபோது, ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் ஆய்வுகூடத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டையாக விழுந்தன. அதே பட்டையின் நீட்சியில் ஐம்பது கிலோமீற்றர் தொலைவு வரை ஆடுமாடுகளும் இறந்திருந்தன.

இந்த வரலாற்றை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உண்மையை வெளிக்கொணர்ந்தவை மூன்று சாதாரணக் காரியங்கள்: ஒழுங்காகச் செய்யப்பட்ட பிரேத பரிசோதனை, அழியாமல் காக்கப்பட்ட மாதிரி, யார் எங்கே இருந்தார் என்று வீடுவீடாகக் கேட்டறிந்த விசாரணை. இவற்றில் மூன்றாவதை நம் ஊரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொரு டெங்கு நோயாளருக்காகவும் செய்கிறார். அவர் வந்து வாசலில் நின்று எங்கே போனீர்கள், எங்கே தங்கினீர்கள் என்று கேட்கும்போது நாம் எரிச்சலோடு பதில் சொல்கிறோம். அந்தக் கேள்விதான் தொற்றுநோயியலின் அடிப்படைக் கருவி.

வேண்டுமென்றே செய்யப்பட்ட பரவலை இயற்கையான பரவலிலிருந்து பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துச் சம்பவம் சான்று. 1984இல் த டாலஸ் என்ற சிறு நகரின் பத்து உணவகங்களில் உண்ட 751 பேருக்கு, வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லாத் தொற்று ஏற்பட்டது. நல்லவேளையாக எவரும் இறக்கவில்லை. உள்ளூர்த் தேர்தலில் வாக்காளரை வீட்டில் முடக்கிப்போடுவதற்காக இந்தியச் சாமியார் ரஜனீஷின் சீடர்கள் அப்பகுதியில் அமைத்திருந்த ஆச்சிரமத்தின் ஒரு குழு அதைச் செய்திருந்தது. ஆனால் சுகாதார அதிகாரிகள் உணவகப் பணியாளர்களின் தூய்மைக் குறைவே காரணம் என்று முதலில் முடிவுசெய்தார்கள். ஓராண்டு கழித்து ஆச்சிரமத்துக்குள் பிளவு ஏற்பட்ட பின்னரே உண்மை வெளிவந்தது.

2001 ஒக்ரோபரில் அமெரிக்காவில் அஞ்சல் உறைகள் வழியாக அந்திராக்ஸ் பரவியபோது நிலைமை வேறாக இருந்தது. புளோரிடாவில் காய்ச்சலோடும் மனக்குழப்பத்தோடும் கொண்டுவரப்பட்ட ஒரு நோயாளரின் முள்ளந்தண்டு நீரில் அரிய கிருமியைக் கண்ட வைத்தியர், உறுதிப்பாட்டுக்குக் காத்திராமல் உடனேயே சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்தார். அந்த ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்தே எல்லாம் தொடங்கியது. மொத்தம் 22 பேருக்கு நோய் கண்டு, ஐவர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோருக்கு அன்ரிபயோட்டிக் மருந்து கொடுக்கப்பட்டது. அதே சம்பவத்தில் ஒரு பெருந்தவறும் நடந்தது. உறை வந்து சேர்ந்த செனற் சபை அலுவலக ஊழியர்களுக்கு உடனடியாகப் பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. அந்த உறை கடந்து சென்ற வாஷிங்டன் அஞ்சல் தரம்பிரிப்பு நிலையத்தில் வேலைசெய்த, பெரும்பாலும் கறுப்பினத்தவரான தொழிலாளர்களுக்கு அவை தாமதமாகவே வந்தன. அவர்களில் இருவர் இறந்தனர். பின்னர் அதிகாரிகள் சொன்ன எதையும் அந்தத் தொழிலாளர்களில் பலர் நம்பவில்லை. யாருக்கு முதலில் பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதை மக்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். ஒருமுறை பின்தள்ளப்பட்டவர் மறுமுறை அறிவித்தலைக் கேட்கமாட்டார்.

இவ்வளவையும் சொல்லும்போது அச்சத்தை மிகைப்படுத்தக்கூடாது. கிருமியை ஆயுதமாக்குவது எளிதன்று. நிறையப் பணமும் படித்த உறுப்பினர்களும் கொண்டிருந்த ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக்குழு 1993இல் டோக்கியோவில் அந்திராக்ஸ் பரப்ப முயன்று தோற்றது. நம் வாழ்நாளில் யாழ்ப்பாணத்தில் அப்படியொரு தாக்குதல் நடப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. வெள்ளத்துக்குப் பின் வரும் காய்ச்சலோ ஆண்டுதோறும் வருவது. ஆகவே அரிதானதற்கென்று தனியாகச் செலவழிப்பதைவிட, ஆண்டுதோறும் வருவதைச் சரியாகக் கையாளும் வலிமையை வளர்த்தால் அரிதானதற்கும் அதுவே உதவும் என்பதே நியாயமான கணக்கு.

அந்த வலிமையின் எலும்புக்கூடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், குறித்த தொற்றுநோய்களைக் காணும் வைத்தியர் அவற்றை அறிவிக்கவேண்டும் என்று விதிக்கிறது. ‘எச் 544’ என்ற படிவம் வைத்தியசாலை விடுதியிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிறது. அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளரின் வீட்டுக்குப் போகிறார். கிழமைதோறும் தொகுக்கப்படும் அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவைச் சென்றடைகிறது. நோய் உறுதியாகும் வரை காத்திராமல், சந்தேகம் எழுந்ததுமே அறிவிக்கவேண்டும் என்பது நெறி. வாந்திபேதி, பிளேக், மஞ்சட் காய்ச்சல் ஆகியவற்றை உடனடியாகவே அறிவிக்கவேண்டும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றதில் இந்தச் சங்கிலிக்கும் பங்குண்டு. முப்பது ஆண்டு யுத்தத்துக்கு இடையிலும், மருந்துத் தடைக்கும் இடப்பெயர்வுக்கும் இடையிலும், வடக்கில் அதை அறுந்துபோகாமல் காத்த ஊழியர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

ஆனால் சங்கிலியில் பலவீனமான கண்ணிகளும் உள்ளன. ஆய்வுகூடத்தை முதலில் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் இறந்த ஒருவரின் குருதி மாதிரி கொழும்பு சென்று விடை வரும் வரை இங்கே மக்கள் பெயர் தெரியாத காய்ச்சலோடு காத்திருக்கிறார்கள். வெள்ளத்தால் வீதி தடைப்பட்டால் அந்தக் காத்திருப்பு மேலும் நீளும். போதனா வைத்தியசாலையும் 1978 முதல் இயங்கும் மருத்துவ பீடமும் இருக்கும் ஓர் இடத்தில், அரிய கிருமிகளை இனங்காணும் வசதி முழு அளவில் வளர்க்கப்படவேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் அல்ல. எங்கள் வயல் மண்ணிலேயே இதற்குத் தேவை இருக்கிறது. மெலியொயிடோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லி என்ற பக்ரீரியா, உயிரியல் பயங்கரவாதத்துக்குப் பயன்படக்கூடும் என்று அமெரிக்கா மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் கிருமிகளில் ஒன்று. அதே பக்ரீரியா இலங்கையின் பல மாவட்டங்களில் ஈரமண்ணில் இயல்பாகவே வாழ்கிறது. மழைக்காலத்தில் வயலில் வேலைசெய்பவர்களை, அதிலும் நீரிழிவு உள்ளவர்களை, கொல்லவும் செய்கிறது. அதனோடு பழக்கமில்லாத ஆய்வுகூடத்தில் அது வேறேதோ கிருமி என்று தவறாக இனங்காணப்படுவதுண்டு. அமெரிக்காவில் பூட்டிவைத்திருக்கும் கிருமியை நம் விவசாயி வெறுங்காலால் மிதிக்கிறார். அதை அடையாளம் காணக் கற்றுக்கொண்ட ஆய்வுகூடம், வேண்டுமென்றே பரப்பப்பட்ட கிருமியையும் அடையாளம் காணும்.

அடுத்தது தனியார் சிகிச்சை. காய்ச்சல் கண்டால் எங்கள் ஆட்கள் முதலில் போவது பெரும்பாலும் மாலை நேரத் தனியார் சிகிச்சை நிலையத்துக்கு, அல்லது நேரே மருந்துக்கடைக்கு. சட்டம் தனியார் வைத்தியருக்கும் பொருந்தும் என்றாலும், அறிவித்தல் படிவங்களில் பெரும் பங்கு அரச வைத்தியசாலை விடுதிகளிலிருந்தே வருகிறது. ஒரே கிழமையில் ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் ஒரே மாதிரியான இருமல் காய்ச்சலோடு வந்தார்கள் என்பதை முதலில் கவனிக்கக்கூடியவர் அந்த மருந்துக்கடைக்காரராக இருக்கலாம். அவர் யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை இரவென்றால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் அச்சிட்டு ஒட்டப்பட்ட ஒரு விடை இருக்கவேண்டும். மிருக வைத்தியர்களும் இதே வலைக்குள் வரவேண்டும். ஸ்வெர்ட்லொவ்ஸ்க் ஆடுகள் அதற்குச் சாட்சி.

மொழியும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றியலையும் மகப்பேற்று மருத்துவத்தையும் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, அதற்கான நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அதன் பின் இத்தனை தலைமுறைகள் கடந்தும், ஓர் அவசர நிலையில் வரும் அறிவுறுத்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதலில் வந்து, பிழைமலிந்த தமிழில் பிந்தி வருவதை நாம் காண்கிறோம். மருந்தை எத்தனை நாள் குடிக்கவேண்டும் என்ற வரியில் ஒரு பிழை இருந்தால் அது உயிரோடு விளையாடுவது. நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, எலிக்காய்ச்சல் என்று மக்கள் வாயில் வழங்கும் பெயர்களில், நெடுந்தீவிலிருக்கும் ஒரு மூதாட்டிக்கும் விளங்கும் வாக்கியங்களில், முன்கூட்டியே எழுதிச் சரிபார்த்து வைத்திருக்கவேண்டிய அறிவித்தல்கள் இவை.

வதந்தியின் சேதம் கிருமியின் சேதத்தை மிஞ்சக்கூடும். 1994இல் குஜராத்தின் சூரத் நகரில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி பரவியபோது, இந்தியாவில் இறந்தவர்கள் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவர்களே. ஆனால் சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினார்கள். அவர்களுள் வைத்தியர்களும் இருந்தார்கள். உண்மையை உடனே, அரைகுறையாயினும், ‘இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது’ என்று நாள்தோறும் ஒரே நேரத்தில் சொல்லும் நம்பிக்கைக்குரிய ஒருவர் வேண்டும். வடக்கில் அவர் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவராகவே இருக்கவேண்டும், சீருடை அணிந்தவராக இருக்கக்கூடாது. கொவிட் காலத்தில் நாட்டின் தனிமைப்படுத்தல் நிலையங்கள் இராணுவத்திடம் கொடுக்கப்பட்டன. வீட்டு வாசலில் படைவாகனம் வந்து நின்று ஒருவரை ஏற்றிச்செல்வது, காணாமற்போனோரைத் தேடும் தாய்மார் வாழும் ஒரு மண்ணில் எதை நினைவூட்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தபோதும், கொவிட்டினால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் 2021 பெப்ரவரி வரை கட்டாயமாக எரிக்கப்பட்டன. இறந்த பின் தன் உடலுக்கு என்ன நடக்குமோ என்று அஞ்சுபவர் நோயை மறைப்பார்; மறைத்த நோய் அயலில் பரவும். உயிரியல் தாக்குதல் என்ற சந்தேகம் எழுந்தால் படையினரின் பங்கு கட்டாயம் கூடும். அந்நேரத்தில் வீட்டுக்குள் வந்து பேசுவது குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும்தான் என்பதை இப்போதே எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

நாட்டுக்கு வெளியேயும் கேட்கவேண்டியவை உண்டு. உயிரியல் ஆயுத உடன்படிக்கையின் ஏழாவது உறுப்புரை, தாக்குதலுக்குள்ளான நாட்டுக்கு மற்றவர்கள் உதவவேண்டும் என்கிறது. பத்தாவது உறுப்புரை, அமைதித் தேவைகளுக்கான உயிரியல் அறிவையும் உபகரணங்களையும் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. இலங்கை போன்ற சிறிய நாடுகளுக்கு அந்த உடன்படிக்கையால் கிடைக்கக்கூடிய உண்மையான பயன் இவ்விரண்டு உறுப்புரைகளிலேயே இருக்கிறது. பெரியம்மைக் கிருமி இன்றும் அதிகாரபூர்வமாக அமெரிக்காவின் அற்லான்ராவிலும் ரஷ்யாவின் கொல்த்சோவோவிலும் மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது. 1980இல் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து உலகெங்கும் தடுப்பூசி நிறுத்தப்பட்டதால், இன்று நாற்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய எவருக்கும் அதற்கெதிரான பாதுகாப்பு இல்லை. தங்கள் பாதுகாப்புக்காகக் கிருமியை வைத்திருக்கும் நாடுகளிடம், அந்தக் கிருமி ஒருநாள் வெளிவந்தால் முதலில் தடுப்பூசி கிடைக்காமல் நிற்கப்போகும் நாடுகள் ஆய்வுகூடத்தையும் பயிற்சியையும் உரிமையோடு கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகள் ஒவ்வொரு நாட்டிடமும் நோயைக் கண்டறிந்து அறிவிக்கும் அடிப்படை ஆற்றலைக் கோருகின்றன. அந்த ஆற்றல் கொழும்பில் இருந்தால் போதும் என்று கணக்கிடப்பட்டால், பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் அடுத்த மழைக்காலத்தில் எடுக்கப்படும் குருதியும் முடிவுக்காக நானூறு கிலோமீற்றர் பயணம் செய்யவேண்டியிருக்கும்.